ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது?

மதுரை காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறாய். வழியில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடை ஒன்று இருந்தால் போதும். கடை கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பெரியவர்கள் “ஆஹா!” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். “இந்த வாசனை எப்படி மாமா இவ்வளவு தூரம் வருது?” என்று கேட்பது உன்னைப் போன்ற ஆள்தான். அப்படிக் கேட்டதற்கே உனக்கு ஒரு சபாஷ், கண்ணு!

பச்சைக் காபிக்கொட்டையை முகர்ந்து பார். காபி வாசனையே இருக்காது. புல் வாசம்தான் அடிக்கும். அதைச் சுமார் 200 டிகிரி சூட்டில் வறுக்கும்போது, உள்ளே இருக்கும் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதுப்புதுப் பொருள்களாகின்றன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை மிக லேசானவை. சட்டென்று காற்றில் பறந்துவிடும். பறந்து வந்து உன் மூக்கைத் தொட்டால், அதுதான் வாசனை.

கொஞ்சம் நில். இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உன் மூக்குக்கு வந்துவிட்ட வாசனை, பொடியில் இன்னும் மிச்சம் இருக்குமா?

இருக்காது. பறந்தது பறந்ததுதான். முழுக்கொட்டையாக இருக்கும்வரை வாசனை மெதுவாகக் கசியும். அரைத்துவிட்டாலோ, ஒவ்வொரு துகளும் காற்றில் படும். வாசனையும் வேகமாகக் கிளம்பிவிடும்.

குறைந்த செலவில் வீட்டில் நல்ல காபி குடிக்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அரைக் கிலோவாக வாங்கினால் மலிவு என்று தோன்றும். பாக்கெட்டின் அடிக்கு வரும்போது மணம் போயிருக்கும். “என்ன, காபி சப்பென்று இருக்கு?” என்று இன்னொரு ஸ்பூன் கூடப் போடுவார்கள். மலிவு எங்கே போயிற்று? அதனால் அன்றைக்கு அரைத்த பொடியாக 100 கிராம் வாங்கு. இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வை. தீர்ந்ததும் மறுபடி வாங்கு. 

இந்தக் கொட்டை எங்கே விளைகிறது தெரியுமா? நம் மதுரைக்குப் பக்கத்திலேயே! வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று ஊர்கள் வரும். அந்தக் கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் பெரிய மரங்களின் நிழலில் காபிச்செடி வளர்கிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அடிவாரத்தில் பட்டிவீரன்பட்டி காபிக்குப் பேர்போன ஊர்.

காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் இருக்கும். முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு வளர்வதால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில பழங்களில் ஒரே ஒரு விதைதான் வளரும். நெருக்க ஆள் இல்லையே! அது உருண்டையாக வளரும். கடையில் “பீபெர்ரி” என்று கேட்டு வாங்குகிறார்களே, அது இந்த ஒற்றை விதைதான். அடுத்த முறை கடைக்குப் போனால் ஒரு கொட்டையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்.

சரி, இப்போது ஒரு சோதனை. அடுப்பு வேண்டாம், சூடு வேண்டாம். நீயே செய்யலாம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்துக்கொள். மேலே ஒரு சிட்டிகை காபிப்பொடியை மெல்லத் தூவு. கலக்காதே. குனிந்து பக்கவாட்டில் பார். சில துகள்கள் மேலேயே மிதக்கும். சில துகள்கள் கீழே இறங்கும். இறங்கும் வழியெல்லாம் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும். பார்த்தாயா?

மிதப்பது காபி. அதில் எண்ணெய்ப்பசை உண்டு. தண்ணீர் அதைச் சட்டென்று நனைக்காது. கோடு போட்டுக்கொண்டு இறங்குவது சிக்கரி. அது கொட்டையே அல்ல. நீலப் பூ பூக்கும் ஒரு செடியின் வேர். வேரை வெட்டிக் காயவைத்து வறுத்து அரைக்கிறார்கள். வறுக்கும்போது அதிலுள்ள இனிப்புப் பொருள் கருகிப் பழுப்பாகிறது. அந்தப் பழுப்புதான் தண்ணீரில் கோடு போடுகிறது. காபிக்கொட்டையில் இருக்கும் காஃபீன் இந்த வேரில் கிடையாது.

சிக்கரி சேர்த்தால் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதே. அளவாகச் சேர்த்தால் டிகாஷன் கெட்டியாக இறங்கும், நிறமும் கொடுக்கும், விலையும் குறையும். ஆனால் அளவு தெரிந்து வாங்க வேண்டும். சிக்கரி கலந்த காபிப்பொடியில் எடைக்கு 51 சதவீதமாவது காபி இருந்தே ஆக வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அம்மா வாங்கி வந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துப் படி. காபி 80, சிக்கரி 20 என்று இருந்தால் நல்ல கலவை. 70க்கு 30ம் தாங்கும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன். கொடுக்கிற காசில் பாதி வேருக்குப் போகிறதே!

இனி ஃபில்டருக்கு வருவோம். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் ஃபில்டரைப் பிரித்துப் பார். மேல் பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடி ஓட்டைகள். நடுவில் காம்பு வைத்த ஒரு தட்டு. கீழே டிகாஷன் சேரும் பாத்திரம். மேலே ஒரு மூடி. அவ்வளவுதான். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. பூமி தன் பக்கம் இழுக்கிறது; தண்ணீர் இறங்குகிறது.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள். பொடி 20 கிராம். தண்ணீர் 120 மில்லி. பொடியைப் போட்டுத் தட்டால் லேசாக அழுத்து. வெந்நீர் ஊற்றும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. நீ பக்கத்தில் நின்று பார். தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிஷம் கழித்து ஊற்றச் சொல்.

புதிதாக வறுத்த பொடி என்றால், வெந்நீர் பட்டதும் புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிக்கொண்ட கரியமில வாயு வெளியே வருகிறது. நுரை வரவில்லை என்றால் பொடி பழையது. கடைக்காரர் சொல்லாததை நுரை சொல்லிவிடும்!

இப்போது மூடிவிட்டு 15, 20 நிமிஷம் காத்திரு. அதற்குள் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் என்ன ஆகும்? வாசல் பக்கம் உட்கார்ந்த வாலுகள் முதலில் பாய்ந்து வெளியே ஓடும். அப்புறம் நடுவரிசை. பையை மெதுவாக மூட்டைகட்டும் கடைசி பெஞ்சு ஆட்கள் கடைசியில். பொடிக்குள்ளும் அப்படித்தான். லேசான புளிப்பும் மணமும் முதலில் கரைந்து இறங்கும். அடுத்து இனிப்பும் நிறமும். அடிநாக்கில் ஒட்டும் கசப்புப் பொருள்கள்தான் கடைசி பெஞ்சு. புரிகிறதா?

இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் தானே விளங்கும். சிக்கனம் என்று நினைத்து அதே பொடியில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றுவார்கள். நல்லதெல்லாம் முதல் மணிக்கே வீட்டுக்குப் போயாயிற்று. வகுப்பில் மிச்சம் யார்? கடைசி பெஞ்சு கசப்பு மட்டும்தான். அதனால் இரண்டாம் டிகாஷன் தண்ணியாகவும் இருக்கும், கசக்கவும் செய்யும். அதைவிட முதல் டிகாஷனை ஒழுங்காக இறக்குவதுதான் உண்மையான சிக்கனம். பொடியில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையும். மிச்சத்தில் பெரும்பகுதி நார். அந்தச் சக்கையைக் குப்பை மக்கும் தொட்டியில் போடு, செடிக்கு உரமாகும்.

சில வீடுகளில் “ஃபில்டர் இறங்கவே மாட்டேங்குது” என்று மூடியைத் தட்டுவார்கள். பொடி ரொம்ப நைஸாக இருந்தால் ஓட்டை அடைக்கும். கடையில் “ஃபில்டருக்கு” என்று சொல்லி அரைத்து வாங்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்தது. கீழ்ப் பாத்திரம் வெறுமையாக இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அதில் காற்று நிறைந்திருக்கிறது. மேல் பாத்திரம் இறுக்கமாகப் பொருந்திவிட்டால், அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. காற்று இடம் விட்டால்தானே டிகாஷன் இறங்கும்? ஃபில்டரின் சூடு ஆறியதும் மேல் பாத்திரத்தை ஒரு நூலளவு தூக்கி வைக்கச் சொல். சொட்டு விழும் சத்தம் கேட்கும்.

பெரிய காபிக் கடைகளில் எஸ்பிரெஸோ மெஷின் பார்த்திருப்பாய். அது காற்றழுத்தத்தைப் போல 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைப் பொடிக்குள் தள்ளும். அரை நிமிஷத்தில் காபி ரெடி. நம் ஃபில்டருக்கு 20 நிமிஷம். மெஷின் அழுத்தத்தைச் செலவழிக்கிறது, நாம் நேரத்தைச் செலவழிக்கிறோம். நேரத்துக்குக் கரண்ட் பில் வராது!

டிகாஷன் இறங்குவதற்குள் இன்னொரு ஃபில்டரின் கதையையும் கேள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்று ஓர் அம்மா இருந்தார். காபியில் சக்கை மிதப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டார். மகனுடைய பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து அதன்மேல் வைத்தார். வெந்நீர் ஊற்றினார். தெளிந்த காபி இறங்கியது. 1908இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். உலகமெங்கும் இன்று புழங்கும் காகித ஃபில்டர் ஓர் அடுக்களையில் பிறந்தது, பார்த்தாயா?

சரி, டிகாஷன் இறங்கிவிட்டதா? அதை அளந்து பார். ஊற்றியது 120 மில்லி. கீழே இருப்பது சுமார் 80 மில்லி. மிச்சம் 40 எங்கே? யாரும் குடிக்கவில்லை. ஒவ்வொரு கிராம் பொடியும் ஏறக்குறைய இரண்டு கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சக்கையைத் தொட்டுப் பார், ஈரமாக இருக்கும்.

டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. மிச்சமிருக்கும் வாசனையும் ஓடிவிடும். பாலை மட்டும் சூடாக்கி, அதில் டிகாஷனைச் சேர்க்க வேண்டும். பிறகு டபராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றுகிறார்களே, அதுவும் அறிவியல்தான். உயரத்திலிருந்து விழும்போது காபி காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாலிலுள்ள புரதம் அந்தக் காற்றைச் சுற்றி மெல்லிய தோலாகப் பிடிக்கிறது. அதுதான் நுரை. சூடும் தணிந்துவிடும்.

இதை நீ குடிக்கலாமா? வேண்டாம், கண்ணு. காஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். வளரும் வயதில் தூக்கம் முக்கியம். பெரியவர்களுக்கும் அளவு உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்கிறார்கள். அவற்றிலுள்ள டானின் என்னும் பொருள், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. டிபன் சாப்பிட்ட கையோடு காபி டம்ளரைத் தூக்கும் தாத்தாவிடம் இதை அன்பாகச் சொல்.

இப்போது உனக்கு ஒரு வீட்டுக்கணக்கு. 20 கிராம் பொடியில் 80 மில்லி டிகாஷன். டம்ளருக்கு 25 மில்லி என்றால் மூன்று டம்ளர். அப்படியானால் 100 கிராமில் எத்தனை? பதினைந்து. டம்ளருக்கு 100 மில்லி பால் என்றால் பதினைந்துக்கு ஒன்றரை லிட்டர். உங்கள் தெருக் கடையில் 100 கிராம் பொடி என்ன விலை, ஒன்றரை லிட்டர் பால் என்ன விலை, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு எழுது. மூன்றையும் கூட்டு. பதினைந்தால் வகு. ஒரு டம்ளர் வீட்டுக் காபியின் விலை வரும். அதன் பக்கத்திலேயே காளவாசல் கடையில் ஒரு காபி என்ன விலை என்றும் எழுது. பொடிக்கு அதிகம் போகிறதா, பாலுக்கா என்றும் பார். விடை வந்ததும் முதலில் அம்மாவிடம் காட்டு.