எல்லை தாண்டிய அப்பளப் பட்டறை

1994இல் என் மைத்துனர் கரமனையில் அப்பளமும் முறுக்கும் செய்ய ஒரு சிறு பட்டறை போட ஆசைப்பட்டார். சாலை பஜாரில் நம்மவர் கடைகள் பலவும் சரக்கெடுக்கத் தயாராயிருந்தன. கட்டடத்துக்கு ஓர் அனுமதி, மாவரைக்கும் இயந்திரத்துக்கு ஓர் அனுமதி, தொழில் லைசென்ஸ், சுகாதாரச் சான்று, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். இங்கே போனால் அங்குள்ள தாளைக் கேட்பார்கள்; அங்கே போனால் இங்குள்ள தாளை. பதினோரு மாதம் பூட்டிய கட்டடத்துக்கு வாடகை கொடுத்தபின், இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவில் பக்கம் போய்விட்டார். வேலை அங்கே பன்னிரண்டு பெண்களுக்குக் கிடைத்தது. அப்பளம் மட்டும் சாலைக்கே வந்து விற்றது!

கேரளத்துக்கு முதலீடு வராததற்குக் கொடியும் கோஷமுமே காரணம் என்று பேசிக்கொள்வது நம் வழக்கம். அதில் உண்மை இல்லாமலில்லை. செய்யாத வேலைக்குக் கூலி கேட்கும் 'நோக்குகூலி'யை 2018 மே 1 முதல் அரசே தடை செய்ய வேண்டியிருந்தது. ஆனால் என் மைத்துனரின் வாசலுக்கு ஒரு சுமைதொழிலாளியும் வந்து நிற்கவில்லை. 'எப்போது கிடைக்கும்?' என்ற கேள்விக்கு யாரும் ஒரு தேதி சொல்லாததுதான் அவரைத் தோற்கடித்தது.

வணிகரை வரவழைக்கத் தெரியாத ஊரல்ல இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைவீதியை அமைத்தார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்ததிலும் வெளியூர் வணிகரை அங்கே குடியேற்றியதிலும் அவர் பங்கு பெரிது. நம்மில் பலருடைய முன்னோர் தராசைத் தூக்கிக்கொண்டு இங்கு வந்து பிழைத்ததும் அந்தச் சாலையை நம்பித்தான்.

இனி இன்றைய சங்கதிக்கு வருகிறேன். 2019இல் கேரளச் சட்டமன்றம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான வசதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 'விதிகளுக்குக் கட்டுப்படுவேன்' என்று தொழில் தொடங்குபவரே எழுதிக் கொடுத்தால் ஓர் ஒப்புகைச் சான்று கிடைக்கும். மாநிலச் சட்டங்களின்கீழ் வேண்டிய அனுமதிகளுக்குப் பதிலாக அது மூன்று ஆண்டுகள் செல்லும். அது முடிந்து ஆறு மாதத்துக்குள் முறையான அனுமதிகளைப் பெற்றுவிட வேண்டும். விண்ணப்பமெல்லாம் 'கே-ஸ்விஃப்ட்' என்ற கணினி வழி ஒற்றைச் சாளரத்தில்.

'சோதிக்காமல் திறப்பதா?' என்று முதலில் எனக்கே உதறல். இருப்புப்பாதைப் பிரிவில் உழைத்தவன் அல்லவா! பிறகு யோசித்தேன். தண்டவாளம் மாற்றிய இடத்தில் நாங்கள் ரயிலை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை. ஓட்டுநர் கையில் 'காஷன் ஆர்டர்' கொடுத்து முதலில் மணிக்கு 20 கிலோமீட்டரில் விடுவோம். பாதை இறுக இறுக வேகத்தைக் கூட்டுவோம். இந்தச் சட்டமும் ஒரு காஷன் ஆர்டர்தான். ஆனால் காஷன் ஆர்டர் கொடுத்த பாதையை நாங்கள் அன்றாடம் நடந்து பார்ப்போம். அந்த நடை இங்கே உண்டா?

அங்கேதான் அடுத்த சிக்கல். 2021 ஜூன் இறுதியில் கிழக்கம்பலத்துக் கிடெக்ஸ் நிறுவனம், அடுத்தடுத்து அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகக் குற்றம் சாட்டி, 3,500 கோடி ரூபாய்த் திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்துத் தெலங்கானாவுக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்காடல் நமக்கு வேண்டாம். அதன்பின் 2022இல் மையப்படுத்தப்பட்ட சோதனை முறை வந்தது. யார் எங்கே போவது என்பதைக் கணினியே தீர்மானிக்கும். ஒரே அதிகாரி ஒரே நிறுவனத்துக்குத் தொடர்ந்து இருமுறை போக முடியாது. அறிக்கையை 48 மணி நேரத்தில் வெளியிட வேண்டும். நான் பணியிலிருந்த காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், மேலதிகாரிகளின் 'திடீர்' வருகைகள் பாதியாகக் குறைந்திருக்கும்!

தொழில் செய்ய எளிதான மாநிலங்களின் பட்டியலில், 2019ஆம் ஆண்டுக்கான கணக்கில் கேரளத்துக்கு 28ஆம் இடம், அடுத்ததில் 15. பட்டியலை நான் பெரிதாக நம்புவதில்லை. 2022-23 தொழில்முனைவோர் ஆண்டில் 1,39,000க்கும் மேற்பட்ட புதிய தொழில்கள் என்று அரசு சொன்னபோது, பழைய கடைகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். திறந்த கடை எத்தனை என்பதைவிட, மூன்றாம் ஆண்டில் மூடாதது எத்தனை என்று எண்ணுவதே உருப்படியான கணக்கு.

என் மைத்துனரின் மகள் 2024 ஆவணியில் இதே கரமனையில் மசாலாப் பொடி அரைக்கத் தொடங்கினாள். வீட்டு மேசையிலிருந்தே விண்ணப்பித்தாள். "மாமா, சான்று வந்துட்டு! அப்பா நம்பவே மாட்டேங்காரு" என்று தொலைபேசியில் சிரித்தாள். மைத்துனர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முத்திரை எங்கே?" என்று கேட்டாராம்.

நான் போய்ப் பார்த்தேன். உணவுப் பொருள் என்பதால் மத்தியச் சட்டப்படி உணவுப் பாதுகாப்புப் பதிவு தனியே வேண்டும், அதை எடுத்திருந்தாள். மிளகாய் அரைக்கும் நெடி பக்கத்து வீட்டுக்குப் போவதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. அங்கே ஆஸ்துமா உள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். எந்தச் சாளரத்தில் எந்தச் சான்று வாங்கினாலும் அவருடைய மூச்சுக்கு யார் பொறுப்பு? புகைபோக்கியை உயர்த்தி, ஒரு தூசுப்பையும் மாட்டச் சொன்னேன். செலவு எண்ணாயிரம் ரூபாய். முணுமுணுத்துக்கொண்டே செய்தாள்.

அவளுடைய மூன்றாண்டு 2027 ஆவணியில் முடிகிறது. அதற்கு ஓராண்டு முன்பே கட்டட வரைபடம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். இதே வழியில் தொழில் தொடங்கியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களும் தங்கள் சான்றிலுள்ள தேதியை இன்றே எடுத்துப் பார்க்கவும்.