அரை மணி நேரக் கயிறு

மறைமலை நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 15 வருஷத்துக்கு முன்பு மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தபோது, அண்ணா சாலையில் உள்ள அலுவலகத்துக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகுமாம். இப்போது சொந்த வீடு. இடையில் மேம்பாலங்கள் வந்தன, மெட்ரோ வந்தது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறைந்து ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. “இவ்வளவும் கட்டியும் என் நேரம் மிச்சமாகவில்லையே, ஏன்?” என்கிறார்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது, மூன்றாவது தயாராகிவருகிறது. அவர் கேள்வி அந்தத் திட்டத்தின் மையத்தைத் தொடுகிறது.

1970-களில் யாகோவ் சகாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர், பல நகரங்களில் மக்கள் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தையே ஒட்டி நிற்பதைக் கவனித்தார். இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-ல் அதை நகரங்களின் அளவோடு பொருத்திக் காட்டினார். இது நியூட்டன் விதி மாதிரி அல்ல; ஆளுக்கு ஆள் மாறும், ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. வரலாறு இவ்வளவு போதும்.

போக அரை மணி, வர அரை மணி. இந்த அரை மணியை ஓர் ஆட்டின் கழுத்துக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முளைக்குச்சிதான் வேலை செய்யும் இடம். ஆடு மேய்ந்து எட்டும் வட்டம், வீடு தேடக்கூடிய நிலம். நடந்தே போன காலத்தில் அரை மணியில் எட்டுவது இரண்டரை கிலோமீட்டர். வட்டத்தின் பரப்பு சுமார் 20 சதுர கி.மீ. மதுரையின் வெளி வீதிகளுக்குள் இருக்கும் பழைய ஊர் இந்த வட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் கயிறும் இரண்டு மடங்கு. மேய்ச்சல் நிலமோ நான்கு மடங்கு. வேகம் நேராகக் கூட, நிலம் அதன் வர்க்கமாகக் கூடுகிறது. எனக்குச் சலிக்கவே சலிக்காத கணக்கு இது. கயிறு நீண்டதும் ஆடு முளையருகே படுத்து ஓய்வெடுப்பதில்லை. புல் மலிவாகக் கிடைக்கும் ஓரத்துக்குப் போய்விடுகிறது. மாம்பலத்து வாசகர் மறைமலை நகருக்குப் போனது இப்படித்தான்.

சென்னை ஆட்டுக்கு இன்னொரு சங்கடம்: முளை குளக்கரையில் அடித்திருக்கிறது. வட்டத்தில் பாதி கடல். பெருநகரப் பகுதியின் பழைய பரப்பு 1,189 சதுர கி.மீ. இதை அரைவட்டமாக வரைந்தால் ஆரம் சுமார் 27.5 கி.மீ. 2022-ல் எல்லையை 5,904 சதுர கி.மீ. ஆக்கி அரசு ஆணையிட்டது. அதன் ஆரம் 61 கி.மீ. விளிம்பிலிருந்து அரை மணியில் நடுவுக்கு வர மணிக்கு 120 கி.மீ. வேகம் வேண்டும், வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாமல்.

அகலமான சாலை போட்டால்? அது இன்னும் பல ஆடுகளை அழைத்துவரும். பக்கத்திலேயே இன்னும் பத்து ஆட்டைக் கட்டினால் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கும். அதுதான் நெரிசல். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த துரான்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள், நெடுஞ்சாலை எத்தனை சதவீதம் கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் வாகன ஓட்டமும் கூடுவதாக 2011-ல் எழுதினார்கள். மனை விளம்பரங்களில் வரும் ‘விமான நிலையத்திலிருந்து 20 நிமிடம்’ என்ற வரியை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். எல்லாரும் குடியேறிய பிறகு அந்த 20 நிமிடம் நிற்காது.

பாலங்கள் வீண் என்று சொல்லவில்லை. அவை நேரத்தைத் தரவில்லை. மலிவான நிலத்தையும் சொந்த வீட்டையும் தந்தன. வாசகருக்கு அது சின்ன விஷயமா?

ஆனால் 61 கி.மீ. ஊருக்கு ஒரே முளை போதாது. திருமழிசை, மீஞ்சூர், திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம் ஆகிய இடங்களுக்குப் புதுநகரத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இவைதான் புது முளைகள். முளை ஆழமாக இறங்கவில்லை என்றால் ஆடு அதைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடும். ஆழம் என்பது வேலை, கல்லூரி, நல்ல ஆஸ்பத்திரி. வெறும் அடுக்குமாடி வீடுகள் வந்தால் காலை ஏழு மணிக்கு எல்லாரும் சென்னைப் பக்கம்தான் திரும்புவார்கள்.

பயணத்தை நிமிடங்களால் மட்டும் அளந்துவிடவும் முடியாது. கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறும் ஓர் அம்மாவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறும்போது மடியில் உதிரி மல்லிகை. எழும்பூர் வருவதற்குள் அத்தனையும் சரமாகிவிடும். பெட்டியில் உட்கார இடம் கிடைத்த நாளில் மட்டும். நின்றபடி வரும் நாளில் பூ பையிலேயே வாடும். நிமிடக் கணக்கு இரண்டு நாளும் ஒன்றுதான்.

மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் பொதுமக்களிடம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்பார்கள். மறைமலை நகர் வாசகர் அப்போது ஒன்று எழுதி அனுப்ப வேண்டும்: ஒவ்வொரு புதுநகரிலும் வீட்டிலிருந்து அரை மணியில் எட்டக்கூடிய வேலைகள் எத்தனை, எந்த ஆண்டுக்குள்?