வீட்டுக் கணனியை நச்சுநிரலினின்று மீட்டல்

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு வீட்டுக் கணனி பழுதுற்று அதனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல நேரின், குறிகட்டுவான் வரை கடலைக் கடத்தல் வேண்டும். ஆதலின் வீட்டார் தாமே செய்யத்தக்கது யாதென அறிதல் நன்று.

நச்சுநிரல் என்பது தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் நிரலேயாம். 1986இல் லாகூரிற் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' நெகிழ்தட்டு வழியே நாடுகடந்து பரவியது. நெகிழ்தட்டின் இடத்தை இன்று பென் டிரைவ் பெற்றுள்ளது. அச்சிடும் கடைக்குச் சென்றுவரும் பென் டிரைவ் எத்தனை கணனிகளைத் தொட்டு மீள்கின்றது!

அதனைத் திறந்ததும் கோப்புகள் மறைந்து, அவற்றின் பெயரிற் குறுக்குவழிக் குறிகள் மட்டும் தோன்றுதல் உண்டு. அதுகண்டு கலங்கி யாவற்றையும் அழித்துவிடுதல் பெரும்பிழை. இவ்வகை நிரல் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து, தன்னை இயக்கும் பொறியை முன்னே வைக்கின்றது. அக்குறிகளைத் தொடாது நிரலை முதலில் நீக்கி, பின் மறைப்பை நீக்கின் கோப்புகள் மீளும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணங்கேட்கும் வகையோ வேறு. 2017 மே மாதத்து 'வன்னாகிரை' அத்தகையது. முன்னரே எடுத்துவைத்த படியன்றி அதற்கு உறுதியான மருந்தில்லை.

முதற்கண் இணைய இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். நோயுற்ற இயங்குதளத்தினுள் நடத்தும் சோதனையை முழுதும் நம்பலாகாது. காவலனையே கள்வன் வசப்படுத்தியிருத்தல் கூடும். தூய கணனியொன்றில் ஆயத்தஞ்செய்த மீட்புப் பென் டிரைவாற் கணனியைத் தொடக்கிச் சோதித்தலே தக்கது. அதனாலும் தீராவிடின், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுக. கடவுச்சொற்களையோ, இவையெல்லாம் முடியுமட்டும் காத்திராது, பிறிதொரு கருவியிலிருந்து அன்றே மாற்றுக. வங்கிக் கணக்கினது முதலாவதாக.