மண்டபத்தில் கிற்றார் ஏன் ஊளையிடுகிறது?

செய்தி சேகரிக்கப் போகும் நிகழ்வுகளில் நான் அடிக்கடி காண்பது இது. ஓர் இளைஞர் கிற்றாருடன் மேடையேறி அம்பில் வயரைச் செருகுவார். 'டமார்' என்றொரு சத்தம். முன்வரிசை அம்மாமார் திடுக்கிட்டுப் பக்கத்திலிருக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். ஷெல்லடிக்குள் வாழ்ந்த சனம் ஏன் திடுக்கிடுகிறது என்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தச் சத்தத்தை முற்றாகத் தவிர்க்கலாம் என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பின்பே வயரைச் செருகுங்கள். கழற்றும்போதும் அப்படியே. மண்டபத்து மிக்சரில் இணைப்பதானால், சவுண்ட்ஸ்காரரிடம் அந்தச் சனலை மூடச் சொல்லுங்கள்.

அடுத்த தொல்லை ஊளைச் சத்தம். எலெக்ரிக் அக்கூஸ்ரிக் கிற்றார் அடிப்படையில் சாதாரண மரக் கிற்றார்தான். தந்திகள் தங்கும் இடத்துக்குக் கீழே 'பியசோ' என்ற மெல்லிய உணரி இருக்கும். அது அதிர்வை மின்சாரமாக மாற்றும். இவ்வகைக் கிற்றாரைப் பிரபலமாக்கிய ஓவேஷன் நிறுவனத்தைத் தொடங்கிய சார்ள்ஸ் கமன், உலங்குவானூர்தி தயாரித்த அமெரிக்கர். அதிர்வை அடக்கப் பாடுபட்டவர் அதிர வேண்டிய பொருளைச் செய்யப் புறப்பட்டது வேடிக்கைதான்.

அம்பிலிருந்து வரும் சத்தம் கிற்றாரின் பெட்டியைத் திரும்பவும் அதிரவைக்கும். உணரி அதை மறுபடி அம்புக்கே அனுப்பும். இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஊளை. பெரிய கிற்றாரில் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸில் தானாகவே அதிரும். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் சுரமும் 98 ஹேர்ட்ஸ். ஆகவே அங்கேதான் முதலில் முழங்கத் தொடங்கும். அம்பின் முகத்துக்கு நேரே நிற்காதீர்கள். பேஸைக் குறையுங்கள். நொட்ச் திருகி இருந்தால் ஊளை அடங்கும் இடம்வரை மெதுவாகத் திருப்புங்கள். கிற்றாரின் வட்டத் துளைக்கு ஒரு றப்பர் மூடி போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

எலெக்ரிக் கிற்றாருக்கான அம்பை இதற்குப் பாவிப்பவர்கள் பலர். என் காதுக்கு அது பிடிப்பதில்லை. அதன் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மரக் கிற்றாரின் மினுக்கம் அங்கேதான் இருக்கிறது. அதற்காகக் கடன்பட்டுப் புதிய அம்ப் வாங்க வேண்டாம். கீபோர்ட் அம்ப் போதும். சனசமூக நிலையத்து மிக்சரும் போதும். அது மேடையிலிருந்து தூரமென்றால் இடையில் ஒரு டி.ஐ. பெட்டியை வையுங்கள்.

பெரும்பாலான கிற்றார்களுக்குள் 9 வோல்ற் பற்றரி ஒன்று இருக்கும். வயரைச் செருகியதும் அது வேலைசெய்யத் தொடங்கும். கழற்றாமல் விட்டால் வீணாகத் தீர்ந்துகொண்டே போகும். சத்தம் கரகரத்தால் அம்பைத் திட்டுமுன் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறைக்குப் பற்றரியின் அருமை தெரியும். இப்போது மேடையேறும் பிள்ளைகள்தான் கிற்றார்ப் பையில் இன்னொன்றை வைத்திருக்க மறக்கிறார்கள்.