பாட்டுச் சண்டை ஓய்ந்தது. காதுக்கு வந்தது வினை! தறிப்பட்டறையில் ஹெட்போன் படுத்தும் பாடு

சேலம்-

"டி.எம்.எஸ். பாட்டுப் போடு தம்பி" என்பார் ஒருவர். "எஸ்.பி.பி. இருக்கறப்ப அது எதுக்குங்ண்ணா?" என்பார் இன்னொருவர். சேலம், நாமக்கல் வட்டாரத் தறிப்பட்டறைகளில் ஓயாமல் நடந்த இந்தத் தகராறு இப்போது அநேகமாக இல்லை. ஆளுக்கு ஒரு செல்போன். ஆளுக்கு ஒரு ஹெட்போன். அவரவர் பாடகர் அவரவர் காதுக்குள்!

சண்டை ஓய்ந்தது சரி. காதுக்கு ஆபத்து வந்து விட்டது. அதுவும் சத்தம் போடாமல் வந்திருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

நாடா அடி

இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், வெண்ணந்தூர், திருச்செங்கோடு, பள்ளிப்பாளையம், குமாரபாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம்தான். பழைய விசைத்தறியில் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபடுகிறது. ஒரு ஷெட்டில் 10, 20 தறி சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சைகைதான் பாஷை. சத்தத்தின் அளவு 90 டெசிபலைத் தாண்டி விடும்.

முன்பெல்லாம் ஷெட்டுக்கு ஒரே ரேடியோ. இலங்கை வானொலி, விவித பாரதி. அவர்கள் போடுவதைக் கேட்க வேண்டியதுதான். 1980-களில் டேப் ரிக்கார்டர் வந்தது. பாட்டுகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டிலோ, 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தரும் கடைகளும் வந்தன. அங்கேதான் பிடித்தது வினை. சீட்டை யார் எழுதுவது?

ஒரே நடிகர், மூன்று குரல்

எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் குரலாக இருந்தவர் டி.எம்.சவுந்தரராஜன். 1969-ல் வந்த "அடிமைப்பெண்" படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாட எஸ்.பி.பாலசுப்பிரமணியம் என்ற இளைஞருக்கு வாய்ப்பு வந்தது. வந்த நேரம், அவர் காய்ச்சலில் படுத்து விட்டார். குணமாகி வரும் வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார். 1974-ல் "உரிமைக்குரல்" படத்தில் ஜேசுதாசும் எம்.ஜி.ஆருக்குப் பாடினார்.

ஒரே நடிகருக்கு மூன்று குரல்! ரசிகர்கள் பிரியக் கேட்கவா வேண்டும்? 1976-ல் "அன்னக்கிளி" மூலம் இளையராஜா வந்த பிறகு மலேசியா வாசுதேவனுக்கு ஒரு கூட்டம், எஸ்.ஜானகிக்கு ஒரு கூட்டம் என்று இன்னும் பல கட்சி.

டி.எம்.எஸ். 2013-லும், எஸ்.பி.பி. 2020-லும் காலமாகி விட்டார்கள். கட்சி மட்டும் கலையவில்லை.

குழிக்குள் போன பாடகர்

இந்தச் சண்டைக்கு எண்ணெய் ஊற்றியது ஈக்வலைசர். பாட்டில் உள்ள ஓசைகளைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் கருவி அது. தம்தம் என்று அதிரும் ஓசை அடியில், 60, 125 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். பாடகர் குரலின் கனம் நடுவில். "ச", "த", "க" போன்ற எழுத்துகளின் கூர்மை 2,000 முதல் 6,000 வரை. ஜால்ராவின் மினுமினுப்பு அதற்கும் மேலே.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டி முடித்த கையோடு டேப் செட்டும் ஈக்வலைசரும் மாட்டிக்கொண்டு கிளம்பிய காலம் உண்டு. அதில் ஏறி இறங்கும் கலர் லைட்டுக்கே மயங்கியவர்கள் பலர். இரண்டு ஓரத்துப் பட்டன்களையும் மேலே தள்ளி, நடுவில் உள்ளதைக் கீழே இறக்கி விடுவார்கள். பார்க்க மாலை தொங்குவது போல் ஜோராக இருக்கும். தாளம் நெஞ்சில் இடிக்கும். நடுவில் நின்று பாடும் மனுஷன் குழிக்குள் போய் விடுவார்!

பழைய டி.எம்.எஸ். பாட்டுக்கு இது இன்னும் மோசம். அவை ஒரே தடத்தில் பதிந்தவை. குரல் முன்னால் நிற்கும். வாத்தியம் பின்னால் நிற்கும். அதில் அடி ஓசையை ஏற்றினால் தாளம் வராது. கொழகொழப்புதான் வரும். மேலே ஏற்றினால் இசைத்தட்டுக் கீறலின் இரைச்சல் வரும். "உங்க ஆளு பாட்டு ஒரே கரகரப்புங்ண்ணா" என்று இளவட்டங்கள் கேலி செய்ததில் பாதிக் குற்றம் பட்டனைத் தள்ளிய கையுடையது. பாவம், டி.எம்.எஸ். என்ன செய்வார்?

இப்போது அதே பட்டன்கள் செல்போனுக்குள் இருக்கின்றன. "ராக்", "பாப்", "பாஸ் பூஸ்ட்" என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

4,000-த்தில் மர்மம்

"இப்ப வர்ற பாட்டுல வார்த்தையே புரிய மாட்டேங்குது" என்று வயதான தறிக்காரர்கள் அலுத்துக் கொள்வது உண்டு. புதுப் பாட்டில் வாத்தியம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதி, அவர்கள் காதில் இருக்கிறது.

தொடர்ந்து பலத்த சத்தத்தில் நிற்பவரின் காது ஒரேயடியாக அடைத்துப் போவதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஓசைகள். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் அங்கே செத்துப் போகின்றன. செத்தது முளைக்காது. ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசினார் என்பது புரியாது. "பத்து" என்றாரா, "பட்டு" என்றாரா? மெதுவாகப் பாடினால் காதில் விழாது. ஜானகி உச்சத்தில் போனாலோ காதைக் குத்தும். ராத்திரி படுத்தால் காதுக்குள் "ஙொய்" என்று ரீங்காரம்.

ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்துச் சணல் தறிகளில் வேலை பார்த்த பெண்களை டாக்டர்கள் சோதித்து, 1965-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கேயும் இதே கதை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்து கொள்ளும் வித்தை அந்தப் பெண்களுக்குக் கைவந்திருந்தது.

ஆகவே ஈக்வலைசரில் 4,000 என்று போட்டிருக்கும் பட்டனை ஒருவர் வருஷத்துக்கு வருஷம் மேலே தள்ளிக்கொண்டே போனால், அதை ரசனை என்று விட்டுவிட முடியாது. காது போய்க் கொண்டிருப்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

சத்தத்தின் மேல் சத்தம்

ஹெட்போன் இதில் எப்படிக் குற்றவாளி ஆகிறது? 95 டெசிபல் தறிச் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்றால், பாட்டும் அந்த அளவுக்கு எழ வேண்டும். செல்போனை முழுசாக ஏற்றினால் 100 டெசிபலைத் தொட்டு விடும். நூல் அறுந்தாலோ, நாடாவின் அடி மாறினாலோ தெரிய வேண்டுமே என்று சிலர் ஒரு காதில் மட்டும் மாட்டுகிறார்கள். ஒரு காதில் கேட்டால் சத்தம் போதாது. இன்னும் ஏற்றுகிறார்கள்!

தொழிற்சாலை விதிகளில் வகுத்த கணக்கு இது: 90 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 95 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 2 மணி நேரம்தான். இங்கே 12 மணி நேர ஷிப்ட் நிற்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறார். பாட்டு கேட்பதற்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்று 2019-ல் எல்லை போட்டு விட்டது.

காதை இறுக அடைக்கும் ரப்பர் முனை ஹெட்போன் என்றால் வெளிச் சத்தம் ஓரளவு குறையும். பாட்டைக் குறைத்து வைத்தே கேட்கலாம். சும்மா காதில் தொங்கும் ரகம் எதையும் தடுக்காது. பட்டனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குரல் தெளிவாக வேண்டுமா? நடுவை ஏற்றாதீர்கள். இரண்டு ஓரத்தையும் இறக்குங்கள். மொத்தச் சத்தம் ஏறாமல் பாடகர் மேலே வருவார். தறியடியில் நிற்கும்போது பாட்டே வேண்டாம், காதில் பஞ்சு அடைப்பான் போதும் என்பதுதான் டாக்டர்கள் கட்சி. அந்தக் கட்சிக்கு ஷெட்டில் ஆள் சேருவது கஷ்டம்.

சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை சட்டப்படி தொழில் நோய். பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது. 2020-ல் இயற்றிய புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. காது போனது வேலையால்தான் என்று நிரூபித்தால் நஷ்டஈடு கேட்க வழி உண்டு. அதற்கு ஆடியோகிராம் என்ற கேட்புத் திறன் சோதனை வேண்டும். சோதனைச் சீட்டில் 4,000-க்கு நேராகக் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால் டாக்டருக்கு விஷயம் விளங்கி விடும்.

அந்தச் சீட்டோடு வேலை பார்த்த இடத்துக்கும் ரிக்கார்டு கேட்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நாலு தறி ஓட்டும் இடங்களில் வருகைப் பதிவேடு ஏது?