பலூன் துப்பாக்கியின் சுருள்வில்

நாவலூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே சென்று, கேளம்பாக்கத்தில் திரும்பிக் கோவளத்தை அடைந்தாலும், நேரே மாமல்லபுரத்துக்குப் போனாலும், விடுமுறை மாலைகளில் கடற்கரை மணலில் முளைக்கும் கடைகளுக்கிடையே, பலகையில் வரிசையாகப் பலூன்களைக் கட்டிவைத்துச் சுடச் சொல்லும் கடையைக் காண முடியும். அங்கே காசு கொடுப்பவர் கையில் தரப்படும் துப்பாக்கியைப் பலரும் விளையாட்டுச் சாமானாகவே எண்ணுகின்றனர். ஆனால் அது நூறாண்டுக்கும் மேலாக அடிப்படை மாறாமல் வரும் ஒரு பொறியமைப்பின் வாரிசு என்பதும், உப்புக்காற்றில் துருவேறிக் குறி தவறும் நிலையிலும் பெரும்பாலும் சீர்செய்யத்தக்கது என்பதும் பரவலாக அறியப்படாதவை.

இதில் வெடிமருந்து இல்லை. அடைத்துவைத்த வாயுவும் இல்லை. குழலை மடக்கிக் கீழே இழுக்கும்போது, அதனோடு இணைந்த நெம்புகோல் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, பிஸ்டனுக்குப் பின்னுள்ள சுருள்வில், அதாவது ஸ்பிரிங், அழுந்தி ஒரு கொக்கியில் பிடிபட்டு நிற்கிறது. விசையை அழுத்தியதும் கொக்கி விலக, வில் பிஸ்டனை முன்னோக்கி எறிய, பிஸ்டனுக்கு முன்னுள்ள காற்று கணப்பொழுதில் நெருங்கிச் சூடேறி, ஒரு சிறு துளை வழியே பாய்ந்து ஈயக் குண்டைக் குழலிலிருந்து தள்ளுகிறது. அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல் ஆகும். 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ கொண்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கே இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்கின்றன.

அம்பத்தூரில் தயாரான சைக்கிள்களின் பெயராகவே தமிழகம் அறிந்த பி.எஸ்.ஏ., அடிப்படையில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கி நிறுவனமாகும். லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பவரின் வடிவமைப்பைக் கொண்டு அது 1905 முதல் சுருள்வில் துப்பாக்கிகளைத் தயாரித்தது. ஜெர்மனியின் ரஸ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய நிறுவனம் டயானா என்ற பெயரில், குழலை மடக்கும் வகையை உலகெங்கும் பரப்பியது. வில்லைக் கைவிட்டுக் காற்றுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்த வேட்டைத் தெய்வமே அதன் முத்திரை. இந்தியாவில் சிமெண்ட் குழாய்களுக்குப் பெயர்பெற்ற, 1926இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய இந்தியன் ஹியூம் பைப் நிறுவனமும் ஏர் ரைபிள்களைச் செய்தது. ஐ.எச்.பி. என்ற மூன்றெழுத்துப் பொறித்த அத்துப்பாக்கிகள் பழைய வீடுகளின் பரண்களில் இன்றும் கிடைப்பதுண்டு.

இத்தகைய துப்பாக்கியைப் புதுப்பிக்க முனைவோர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் அளவு மீறிச் செய்வதால் வருபவை; அவற்றுள் எண்ணெயே முதன்மையானது. பழைய துப்பாக்கிகளில் பிஸ்டனின் தலையில் காற்றுக் கசியாமல் காப்பது கிண்ண வடிவத் தோல் வாஷர். சைக்கிள் பம்பிலும் மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பிலும் இருந்த அதே வகைதான். அது காய்ந்து சுருங்கினால் காற்று பக்கவாட்டில் தப்பிவிட, குண்டு பலூன் வரை போய்ச் சேர்வதே அரிதாகிறது. தோலைக் கழற்றி எண்ணெயில் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்துப் பொருத்தினால் இழந்த வேகத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். அவ்வாறு செய்யாமல் காற்றறைக்குள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், நெருங்கிச் சூடேறும் காற்று அந்த எண்ணெயையே டீசல் என்ஜினில் நிகழ்வதுபோல் பற்றவைக்கிறது. உரத்த ஓசையும் புகையும் எழுவதைக் கண்டு துப்பாக்கிக்கு வலிமை கூடிவிட்டது என்று மகிழ்வோர் உண்டு, உண்மையில் வாஷரும் சுருள்வில்லும் அப்போது சிதைந்துகொண்டிருக்கின்றன.

அடுத்தது சுருள்வில்லின் வலிமை. நாள்பட்ட பயன்பாட்டினாலும், இழுத்த நிலையிலேயே வைத்துவிடும் பழக்கத்தினாலும் வில் தளர்ந்து குறுகியிருந்தால் அதே அளவுள்ள புதியதை மாற்றுவதே முறை. மேலும் வலிய வில்லைத் திணித்தால் வேகம் சிறிதே கூடி, அதிர்வு பெருகிக் குறி கெடுகிறது. கழற்றும் வேலையும் கவனமற்றோருக்கு உரியதன்று. உருளைக்குள் வில் ஓய்ந்த நிலையிலும் அழுத்தத்துடனேயே இருப்பதால், பின்மூடியை இறுக்கிப் பிடிக்கும் கருவியின்றித் திறந்தால் அது முகத்தை நோக்கிப் பாயும். குழல் மடங்கிய நிலையில் விசை தவறுதலாக விடுபட்டாலோ, குழல் மேலே அறைந்து விரலை நசுக்கிவிடும். டயானாவின் 27, 35 ஆகிய வகைகளில் விசை அமைப்பில் மூன்று சிறு எஃகுக் குண்டுகள் கொக்கியின் வேலையைச் செய்கின்றன. அவற்றில் ஒன்று உருண்டோடிவிட்டால் துப்பாக்கியைச் சேர்க்கவே முடியாது.

வெளித்தோற்றத்திலும் அடக்கமே நன்று. குழலின் கருநீல நிறம் பூச்சன்று, எஃகின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டுடன் ஆக்சைடாக மாற்றிப் பெறும் மெல்லிய படலம்; கடற்கரை ஈரமும் வியர்வையும் அதைத் தின்றுவிட, செந்துரு படர்கிறது. நுண்ணிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் நனைத்து மெல்லத் தேய்த்தால் செந்துரு நீங்கிக் கருநீலம் எஞ்சும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்ப்பவர் துருவோடு நிறுவனப் பெயரையும் வரிசை எண்ணையும் அழித்துவிடுகிறார். பழம்பொருள் என்ற மதிப்பும் அவற்றோடு போய்விடுகிறது. மரக்கட்டைக்கும் வார்னிஷைவிட, பல நாள் இடைவிட்டுத் தடவும் ஆளிவிதை எண்ணெய் பொருந்தும்.

சீர்செய்த துப்பாக்கியைக் கொண்டு எதைச் சுடுவது என்பதில் செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு: வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து வேடந்தாங்கல் ஊரார் முறையிட, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸ் காப்பாணை வழங்கினார். பறவையியலாளர் சலீம் அலியின் வாழ்க்கையும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டிலிருந்தே திரும்பியது எனினும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் இன்று அந்த வழியில் பறவையியலுக்குள் நுழைய இடமில்லை. தாளும், அதன் பின்னே குண்டைத் தாங்கும் தடித்த மரப்பலகையும், ஆள் நடமாட்டமற்ற பின்புலமும் போதும்.

ஐந்து குண்டுகளை 10 மீட்டர் தூரத்தில் தாளில் செலுத்தினால் பழுது எங்கே என்பது தெரிந்துவிடும். துளைகள் ஒரே இடத்தில் நெருங்கி, ஆனால் நடுவை விட்டு விலகியிருந்தால் குறிகாட்டியைத் திருத்தினால் போதும். சிதறியிருந்தால் குழலின் கீல் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பலூன் கடைத் துப்பாக்கிகளில் ஓயாமல் மடக்கப்பட்டு முதலில் தேய்வது அந்தக் கீலே. அதுவும் சரியாக இருப்பின், குறை பிடிக்கும் கையில்தான் உள்ளது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னுக்கும் அசைகிறது. இவ்விரு அசைவுகளும் குண்டு குழலைவிட்டு வெளியேறும் நேரத்தை ஒட்டியே நிகழ்வதால், இறுகப் பிடிக்கும்தோறும் குறி ஒவ்வொரு விதமாக மாறுகிறது. டயானா நிறுவனம் போட்டித் துப்பாக்கிகளில் எதிரெதிரே ஓடும் இரு பிஸ்டன்களை வைத்து இந்த அசைவை நீக்கியது. மாமல்லபுரத்து மணலில் கிடைக்கும் துப்பாக்கியில் அந்த வசதி இல்லாததால், முன்னே தாங்கும் கையின் உள்ளங்கையை விரித்து அதன்மேல் கட்டையைச் சும்மா படியவைத்து, துப்பாக்கி தன் விருப்பப்படி அசைய விட்டுச் சுடுபவருக்கே பலூன் உடைகிறது.