கோடு கணினிக்குள் வந்த கதை – 9: எழுபத்தைந்து அடிக் கதவு

சென்ற வாரம் லேயர்களைப் பார்த்தோம். இந்த வாரம் பிளாக். கதவு, ஜன்னல், வாஷ்பேசின், போல்ட், நட்டு என்று ஒரே வரைபடத்தில் திரும்பத் திரும்ப வரும் உருவங்களை ஒரு தடவை வரைந்து பெயர் வைத்துவிட்டு, வேண்டிய இடத்தில் எல்லாம் இன்சர்ட் செய்துகொள்ளலாம். ஆட்டோகேட் வகுப்புக்குப் போனவர்கள் அனைவருக்கும் இது தெரியும். ஆனால், பல வருடம் வரைந்து பழுத்தவர்களில்கூட நிறையப் பேர் இதைக் காப்பி-பேஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் என்றே நினைக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த யோசனை ஆட்டோகேட்டைவிட மூத்தது. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற 24 வயது மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். நெறியாளர் கிளாட் ஷானன். லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 கணினியின் திரைமீது ஒளிப்பேனாவை வைத்துக் கோடு இழுத்தார் சதர்லாண்ட். அவர் செய்துகாட்டியவற்றுள் ஒன்று, 900 அறுகோணங்கள் கொண்ட தேன்கூட்டு வடிவம். அரை மணி நேரத்தில் முடிந்தது. கையால் வரைந்தால் இரண்டு நாள் ஆகும் என்று அங்கிருந்த வரைவாளர்கள் மதிப்பிட்டார்களாம்.

எனக்கு அந்த அரை மணி நேரம் பெரிதாகப் படவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் பெரிது. மூல உருவத்தை மாற்றினார். தேன்கூடு முழுக்க மீன் செதில் வடிவத்துக்கு மாறியது. திரையில் தெரிந்தவை தனித்தனி அறுகோணங்கள் அல்ல, ஒரே மூலத்தைச் சுட்டும் குறிப்புகள். 1982-ல் வந்த ஆட்டோகேட்டின் பிளாக்கும் இதே ஏற்பாடுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திறந்து பாருங்கள். பிளாக்குகளுக்கென்று ஒரு பகுதி இருக்கும். நாற்காலியின் கோடுகளும் வளைவுகளும் அங்கே ஒரே ஒரு தடவை எழுதப்பட்டிருக்கும். அரங்கில் போட்ட 200 நாற்காலிகளுக்கும் மிஞ்சுவது சில வரிகள்தான்: பிளாக்கின் பெயர், எந்தப் புள்ளி, எவ்வளவு பெரிதாக்குவது, எத்தனை டிகிரி திருப்புவது, எந்த லேயர். நாற்காலியில் 50 கோடு என்றால், காப்பி செய்த கோப்பில் 10,000 கோடுகள். பிளாக் போட்ட கோப்பில் 50 கோடும் 200 குறிப்பும். கோப்பு ஏன் இளைக்கிறது என்பது புரிந்திருக்கும். ரப்பர் ஸ்டாம்பு குத்தினால், குத்திய பிறகு ஸ்டாம்பை மாற்றித் தாளில் உள்ளதை மாற்ற முடியாது. இங்கே முடியும்.

முடியும் என்பதாலேயே தொல்லைகளும் உண்டு. முதல் தொல்லை அலகு. ஆட்டோகேட்டுக்கு எண் மட்டும்தான் தெரியும். அது மில்லிமீட்டரா அங்குலமா என்று நாம்தான் சொல்ல வேண்டும். 900 மி.மீ. கதவை ஒருவர் வரைகிறார், அலகைக் குறிக்காமல் விட்டுவிடுகிறார். அங்குலத்தில் வரைந்த வீட்டுக்குள் அதை இன்சர்ட் செய்தால் 900 அங்குலக் கதவு வந்து நிற்கும். எழுபத்தைந்து அடி! இவ்வளவு பெரிதாக வந்தால் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். இரண்டு கோப்பிலும் யூனிட்ஸ் கட்டளையில் அலகைச் சரியாகக் குறித்திருந்தால் மென்பொருளே 25.4-ஆல் வகுத்துக்கொள்ளும்.

பிளாக்கை எந்தப் புள்ளியைப் பிடித்து வைக்கிறோமோ, அந்த அடிப்புள்ளியையும் அலட்சியமாக விடுகிறோம். கதவுக்குக் கீல் பக்கத்து நிலை மூலையைக் கொடுத்தால் சுவரில் கச்சிதமாக உட்காரும். ஒரு முழுக் கோப்பையே இன்சர்ட் செய்யும்போது, வேறு சொல்லாவிட்டால் அதன் பூஜ்யப் புள்ளிதான் அடிப்புள்ளி. வரைந்தவர் பூஜ்யத்தை விட்டு எங்கோ தொலைவில் வரைந்திருந்தால், கிளிக் செய்த இடத்தில் ஒன்றும் தெரியாது. படம் திரைக்கு வெளியே எங்கோ கிடக்கும்.

லேயர் விஷயத்தில் ஒரு விதி போதும். உள்ளிருக்கும் கோடுகளைப் பூஜ்ய லேயரில், பைலேயர் நிறத்தில் வரையுங்கள். அப்படிச் செய்தால், எந்த லேயரில் இன்சர்ட் செய்கிறீர்களோ அதன் நிறத்தை பிளாக் எடுத்துக்கொள்ளும். வேறு லேயரில் வரைந்தால் அந்த லேயரையும் கூடவே அழைத்து வரும். பல கைகள் மாறி வந்த கோப்புகளில் யாருக்கும் சொந்தமில்லாத லேயர்கள் குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது பெயரைத்தான். இரண்டு பேர் தங்கள் கதவுக்கு ‘டோர்1’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கோப்பிலிருந்து காப்பி செய்து மற்றவர் கோப்பில் பேஸ்ட் செய்கிறீர்கள். வந்த கதவின் உருவத்தை ஆட்டோகேட் ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் ‘டோர்1’-ஐப் போட்டுவிடும். கட்டளை வரியில் ஒரு வரி ஓடி மறையும், அவ்வளவுதான். தேக்குக் கதவின் இடத்தில் குளியலறைக் கதவு நிற்கும். எழுபத்தைந்து அடி இல்லை என்பதால் யார் கண்ணிலும் படாது. எனவே பெயரிலேயே வகையும் அளவும் இருக்கட்டும்.

2006 பதிப்பில் டைனமிக் பிளாக் வந்தது. ஒரே கதவை 750, 900, 1000 என்று இழுத்துக்கொள்ளலாம். நல்ல வசதி, ஆனால் அடிப்படை பிடிபட்ட பிறகு அங்கே போவது நல்லது.

கடைசியாக எக்ஸ்ப்ளோட். பிளாக் சொன்ன பேச்சு கேட்காவிட்டால் பலருடைய கை உடனே இந்தக் கட்டளைக்குப் போகிறது. அந்தக் கணமே மூலத்தோடு தொடர்பு அறுந்து, வெறும் கோடுகள் மிஞ்சும். பிளாக்கோடு சேர்த்து வைக்கும் விவரக் கட்டமான அட்ரிபியூட்டில் ‘தேக்கு’ என்று நிரப்பியது போய், அந்த இடத்தில் கட்டத்தின் டேக் பெயர் மட்டும் நிற்கும். பிறகு வீட்டுக்காரர் கதவு மாதிரியை மாற்றச் சொன்னால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதுதான். எத்தனை கதவு என்று மென்பொருளிடம் கேட்டாலும் எக்ஸ்ப்ளோட் ஆனவை கணக்கில் வராது. தயவுசெய்து எக்ஸ்ப்ளோட்டைத் தொடும் முன் பிளாக்கை அதற்கான எடிட்டரில் திறந்து பாருங்கள். பெரும்பாலான திருத்தங்களை அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்த வாரம் எக்ஸ்ரெஃப்.

(தொடரும்)